கழித்தது போக மிஞ்சிய உப்பு

என் வரைபடத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மழை பெய்திருந்தது. கடல் குளிர்ந்திருந்தது, மேல்நீரில் உப்பு குறைந்திருந்தது. அந்த ஆண்டுகளில் அந்தக் கடலைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. சாட்சி என்று இருந்தது ஒரு பவளத்தின் சுண்ணாம்புக் கூடு மட்டும்தான். எட்டு மாதங்கள் நான் அந்த மழையை முழுதாக நம்பினேன். பிறகு ஒரு மதிய வேளையில், அது பெய்யவே இல்லை என்று தெரிந்தது. இது நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் பவளத்தைக் 'கடலின் தெர்மாமீட்டர்' என்று யாராவது எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் அந்த மூன்று ஆண்டுகள் மனதில் வந்து நிற்கின்றன. வெப்பநிலை விஷயத்திலாவது அந்தப் பேச்சைப் பாதி ஒத்துக்கொள்ளலாம். உப்பு விஷயத்தில் எனக்கு இன்னும் மனம் சமாதானம் ஆகவில்லை. அதை எழுதித்தான் பார்க்க வேண்டும்.

நான் வேலை பார்த்தது போரைட்டஸ் இனப் பவளத்தில். பார்வைக்குப் பெரிய பாறாங்கல் போலிருக்கும். உயிர் என்பது அதன் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் தடிப்புக்கு மட்டும்தான். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அந்தச் சின்னஞ்சிறு உயிர்கள் கட்டி, குடியிருந்து, பிறகு காலி செய்துவிட்டு மேலேறிப் போன வீடுகள். கடலுக்கடியில் போய் உருளை வடிவத் துளைக்கருவியால் மேலிருந்து கீழ்வரை ஒரு தண்டை எடுப்பார்கள். அதைக் 'கோர்' என்போம். எடுத்த துளையைச் சிமெண்ட் வைத்து மூடிவிட்டால், காலப்போக்கில் பவளமே அதன்மேல் வளர்ந்து மூடிக்கொள்ளும். கோரை நீளவாக்கில் அறுத்து, ஏழு மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகைகளாக்கி, எக்ஸ்ரே எடுத்தால் அடர்த்தியான பட்டை ஒன்று, அடர்த்தி குறைந்த பட்டை ஒன்று என்று மாறி மாறித் தெரியும். இரண்டும் சேர்ந்தது ஓர் ஆண்டு. மரத்தின் வளையத்தை எண்ணுவது போலத்தான்.

இந்தப் பட்டைகள் உண்மையிலேயே ஆண்டுக்கு ஒன்றுதானா என்று நிரூபித்த விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ போலிருக்கும். பசிபிக்கில் எனிவெடாக் என்ற பவளத்தீவில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. அந்தச் சோதனைகளின் கதிரியக்கம் அங்கிருந்த பவளங்களின் கூட்டுக்குள் கோடு கோடாகப் பதிந்துபோயிருந்தது. எந்த ஆண்டு குண்டு வெடித்தது என்பது தெரியும். அந்தக் கோட்டிலிருந்து மேற்பரப்பு வரை பட்டைகளை எண்ணினால் கணக்குச் சரியாக வந்தது. 1972-இல் நட்ஸன், புடமையர், ஸ்மித் என்ற மூவர் இதை வெளியிட்டார்கள். அத்தனை அழிவுக்கு நடுவிலும் பவளம் தன்பாட்டுக்குத் தேதி குறித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

என் கோர் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். ஆண்டுக்குச் சராசரியாக 12 மில்லிமீட்டர் வளர்ச்சி, ஆக 130 ஆண்டுகளுக்கு மேல். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மாதிரி என்று எடுத்தால் மாதத்துக்கு ஒன்று வரும். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற மெல்லிய டிரில் முனை. பலகையைப் பொருத்திவைத்து, ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்தி, கொட்டும் வெள்ளைத் தூளைச் சிறு குப்பியில் சேர்த்து, முனையைத் துடைத்து, அடுத்ததற்குப் போக வேண்டும். தூள் ஒரு சிட்டிகைகூட இருக்காது. மூச்சு சற்றுப் பலமாக விட்டால் ஒரு மாதம் பறந்துபோய்விடும். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குப்பிகள். இன்னொரு கவனமும் வேண்டும். பவளம் மேல்நோக்கி நேராக வளர்ந்த தடத்திலேயே டிரில் போக வேண்டும். வளர்ச்சி பக்கவாட்டில் திரும்பிய இடத்துக்குள் நுழைந்துவிட்டால் எண்கள் தடம் மாறிவிடும். எக்ஸ்ரே படத்தை விளக்குமேல் வைத்து, பலகையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, தினமும் நாலைந்து ஆண்டுகள் பின்னோக்கிப் போவேன். அந்த நாட்களைப் போல அமைதியான நாட்கள் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

இரண்டு அளவுகள், ஒரு கழித்தல்

தூளில் இரண்டு விஷயங்களை அளக்கிறோம். முதலாவது ஆக்சிஜன். சாதாரண ஆக்சிஜனின் எடை 16. அபூர்வமாகக் கனமான 18-ம் உண்டு. நீரிலிருந்து சுண்ணாம்பு உருவாகும்போது கனமான ஆக்சிஜன் எவ்வளவு உள்ளே போகிறது என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. இதை வைத்துப் பழங்காலக் கடலின் வெப்பத்தைக் கணக்கிடலாம் என்ற வழியை 1947-இல் திறந்துவிட்டவர் ஹெரால்ட் யூரி. பவளத்தில் நீர் ஒரு டிகிரி சூடானால் ஆக்சிஜன்-18-இன் விகிதம் ஆயிரத்தில் சுமார் 0.2 பங்கு குறையும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பவளத்துக்குள் போகும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருவதுதானே. அந்த நீரிலேயே கனமான ஆக்சிஜன் கூடக் குறைய இருந்தால்? கடல் ஆவியாகும்போது லேசான ஆக்சிஜன் முதலில் பறக்கிறது. மிஞ்சும் நீர் உப்பாகவும் கனமாகவும் ஆகிறது. மழைநீரில் கனமான ஆக்சிஜன் குறைவு. மழை விழுந்தால் கடல்நீர் உப்புக் குறைந்து லேசாகிறது. ஆகவே பவளத்தின் ஆக்சிஜன் கணக்கில் வெப்பமும் மழையும் கலந்தே கிடக்கின்றன. எண் இறங்கியிருந்தால் கடல் சூடானதா, மழை கொட்டியதா, இரண்டுமா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது அளவு ஸ்ட்ரான்சியம். பவளம் கால்சியத்தை உள்ளே இழுத்துக் கூடு கட்டும்போது, வேதியியலில் கால்சியத்தின் உறவுக்காரனான ஸ்ட்ரான்சியமும் கூடவே நுழைந்துவிடுகிறது. நீர் குளிர்ந்திருந்தால் அதிகமாக நுழையும், சூடாக இருந்தால் குறைவாக. ஒரு மோல் கால்சியத்துக்கு ஸ்ட்ரான்சியம் ஏறத்தாழ 9 மில்லிமோல், அதாவது ஆயிரம் கால்சியம் அணுக்களுக்கு ஒன்பது ஸ்ட்ரான்சியம் அணுக்கள். ஒரு டிகிரிக்கு இது மாறும் அளவு சுமார் 0.06 தான். அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத மாற்றம். அதனால் கருவி நகராமல் இருக்கிறதா என்று சில மாதிரிகளுக்கு ஒருமுறை தரக்கட்டுப்பாட்டுத் தூள் ஒன்றை ஓட்டிப் பார்ப்போம். ஜப்பான் நிலவியல் ஆய்வு நிறுவனம் ஒரு போரைட்டஸ் பவளத்தை அரைத்துத் தயாரித்த தூள் அது. அதன் எண் 8.838. உலகில் எந்த ஆய்வகத்தில் ஓட்டினாலும் அந்த எண் வர வேண்டும். இந்த எண் மட்டும் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

ஸ்ட்ரான்சியத்துக்கு மழையைப் பற்றிக் கவலையில்லை. கடலில் அது பல லட்சக்கணக்கான ஆண்டுகள் தங்கியிருப்பதால், நூறு, இருநூறு ஆண்டுக் கணக்குகளில் அதன் அளவு மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆக, ஸ்ட்ரான்சியத்திலிருந்து வெப்பநிலை. அந்த வெப்பநிலைக்கு ஆக்சிஜன் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அதை அளந்த ஆக்சிஜனிலிருந்து கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது நீரின் மாற்றம். அதிலிருந்து உப்பு. ஓர் உதாரணம்: ஆக்சிஜன் 0.5 இறங்கியிருக்கிறது, ஸ்ட்ரான்சியம் 0.06 இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் கடல் ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது, அதற்கு 0.2 போகும், மிச்சம் 0.3. வெப்பமண்டலக் கடல்களில் உப்பு ஓர் அலகு (ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ ஒரு கிராம்) மாறினால் நீரின் ஆக்சிஜன் 0.2 முதல் 0.3 வரை மாறுகிறது. எனவே உப்பு ஓர் அலகாவது குறைந்திருக்கிறது. நன்றாக மழை பெய்திருக்கிறது.

முதன்முதலில் இதைப் புரிந்துகொண்டபோது எனக்குப் புல்லரித்தது. கலந்துகிடக்கும் இரண்டு விஷயங்களைப் பாலையும் நீரையும் பிரிப்பது போலப் பிரித்துவிடலாம், அதுவும் பள்ளிக்கூடக் கழித்தலால். அந்தக் கழித்தலின் இன்னொரு முகம் என் கண்ணில் படவில்லை.

உப்புக்கு ஏன் இத்தனை ஆசை

கடலின் வெப்பநிலையைக் கப்பல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வாளியில் நீர் மொண்டு அளந்து குறித்துவைத்திருக்கின்றன. குறைகள் உண்டுதான், ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. உப்புக்கு அப்படி ஒரு பழைய ஏடு பெரும்பாலான வெப்பமண்டலக் கடல்களில் இல்லவே இல்லை. கடலின் வெப்பத்தையும் உப்பையும் தானாக அளக்கும் ஆர்கோ மிதவைகள் கடல் முழுவதும் பரவியது 2000-க்குப் பிறகு. விண்ணிலிருந்து உப்பை அளக்கும் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது 2009-இல். அதற்கு முன்னால் நூறு ஆண்டுகளில் கடல்மேல் எங்கே மழை கூடியது, எங்கே வறண்டது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவை மிகச் சில. உலகில் பெய்யும் மழையில் பெரும்பகுதி கடலின்மீதுதான் விழுகிறது. அங்கே மழைமானி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் யாருமில்லை. பருவமழை எப்படி அலைந்தது, பூமி சூடாகும்போது நீரின் சுழற்சி எப்படி மாறுகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் உப்புதான் சாவி. பவளத்திடம் போய் நிற்பதைத் தவிர வேறு வழி குறைவு.

அதனால்தான் உப்பு விஷயத்தில் நாம் எளிதில் மயங்கிவிடுகிறோம் என்று நினைக்கிறேன். வெப்பநிலையில் தப்பு செய்தால் கப்பல் ஏடு காட்டிக்கொடுத்துவிடும். உப்பில் தப்பு செய்தால் சொல்ல ஆளில்லை.

கிரக்கட்டோவாவுக்குப் பிந்தைய மழை

கோரின் அடிப்பகுதியில், நான் எண்ணிய கணக்குப்படி 1884 முதல் 1886 வரை, ஸ்ட்ரான்சியம் திடீரென்று மேலே ஏறியது. 8.95 என்று இருந்த சராசரி 9.07 ஆனது. இரண்டு டிகிரி குளிர். ஆக்சிஜனும் ஏறியது, ஆனால் குறைவாக: இரண்டு டிகிரிக்கு 0.4 ஏற வேண்டிய இடத்தில் 0.2 தான். கழித்தால் மிச்சம் மைனஸ் 0.2. உப்பு முக்கால் அலகுக்கு மேல் குறைவு. குளிரும் மழையும் சேர்ந்த மூன்று ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளைப் பார்த்தவுடன் என்ன தோன்றும்? 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தது. வானமெங்கும் கந்தகத் துகள் பரவி, உலகெங்கும் அந்திவானம் சிவந்து, பூமியே சற்றுக் குளிர்ந்த நிகழ்ச்சி. பட்டைகளை எண்ணுவதில் ஓரிரு ஆண்டு முன்பின் ஆகலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது. எரிமலை வெடித்தது, வெயில் மங்கியது, கடல் குளிர்ந்தது, மேகம் மூடி மழை பெய்தது. ஒரு பவளம் இதையெல்லாம் தனக்குள் எழுதிவைத்திருக்கிறது, அதை முதன்முதலில் படிப்பவர் நான். அன்றிரவு நான் தூங்கவில்லை. அந்த மூன்று ஆண்டுகளின் குப்பிகளை மறுநாள் வெளியே எடுத்து, மிச்சமிருந்த தூளை மீண்டும் அளந்தேன். அதே எண்கள். 8.838-ம் பிசகாமல் வந்தது. கருவியில் தப்பில்லை. பலகையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து எக்ஸ்-கதிர் விளிம்புவளைவுச் சோதனைக்கு அனுப்பினோம். பவளக் கூடு அரகோனைட் என்ற படிகத்தால் ஆனது. நாளாக ஆக அது கால்சைட்டாக மாறியிருந்தால் எண்கள் கெட்டுப்போகும். கால்சைட் இல்லை, முழுக்க அரகோனைட் என்று முடிவு வந்தது. அப்புறமென்ன, எழுத ஆரம்பித்துவிட்டேன். எட்டு மாதம் அந்த வரைபடத்தை வைத்துத்தான் எல்லாரிடமும் பேசினேன்.

எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பவளம் அவர் துறை இல்லை, படிகங்கள்தான் அவருடைய வேலை. ஒரு கூட்டத்துக்கு முன் ஒத்திகையாக நான் பேசிக் காட்டியபோது பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "கிரக்கட்டோவாவுக்கு உலகம் மொத்தமா எவ்வளவு குளிர்ந்துச்சு?" அரை டிகிரிக்கும் குறைவு என்றேன். "அப்ப உன் கடல் மட்டும் ஏன் ரெண்டு டிகிரி குளிரணும்?" என்றார். மேகமூட்டம், உள்ளூர் நீரோட்டம் என்று ஏதேதோ சொன்னேன். சொல்லும்போதே என் குரலில் தெம்பு குறைந்தது எனக்கே கேட்டது. "சரி, அந்தத் துண்டைக் கொண்டா, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல ஒரு பார்வை பாத்துடலாம்" என்றார்.

ஊசிகள்

நல்ல பவளக் கூட்டை அந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அழகாக இருக்கும். துளைகளின் உட்சுவர் வழவழப்பாக, யாரோ பூசி மெழுகிவிட்டது போலிருக்கும். முதலில் 1950-களின் துண்டைப் பார்த்தோம், அப்படித்தான் இருந்தது. பிறகு 1885. திரையில் உருவம் மெல்லத் துலங்கியபோது துளையின் உட்சுவர் முழுக்க ஊசிகள். கத்தை கத்தையாக, சுவரிலிருந்து துளையின் நடுவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. சில துளைகளில் ஓரமாக ஒரு மெல்லிய விளிம்பு மட்டும்; சிலவற்றில் பாதித் துளை அடைபட்டிருந்தது. "இது உன் பவளம் கட்டினது இல்ல. அது போனதுக்கு அப்புறம் கடல்நீர் கட்டினது" என்றார் அக்கா. நான் ஒன்றும் பேசவில்லை.

நடந்தது இதுதான். பவளம் மேலேறிப் போன பிறகும் கீழேயுள்ள காலி வீடுகளுக்குள் கடல்நீர் போய்வந்துகொண்டிருக்கிறது. சில இடங்களில் அந்த நீரிலிருந்து தானாகவே அரகோனைட் படிந்து துளைகளில் முளைத்துவிடுகிறது. உயிரின் கை படாமல் நீரிலிருந்து நேரே படிந்த இந்த அரகோனைட்டில் ஸ்ட்ரான்சியம் அதிகம், கனமான ஆக்சிஜனும் அதிகம். டிரில் இரண்டையும் சேர்த்தே தூளாக்குகிறது. ஸ்ட்ரான்சியம் ஏறினால் கணக்கு 'குளிர்' என்கிறது. நாங்கள் நம்பிய எக்ஸ்-கதிர்ச் சோதனை கால்சைட்டைக் கண்டுபிடிக்கும். ஆனால் பழைய அரகோனைட்டையும் புதிய அரகோனைட்டையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே படிகம்தானே. முழுக்க அரகோனைட் என்று அது சொன்னது உண்மைதான். அந்த உண்மையால் எனக்குப் பயனில்லை.

குளிர் பொய்யானதை நான் சீக்கிரமே ஏற்றுக்கொண்டேன். பவள ஆய்வில் பலருக்கும் நேர்ந்த விஷயம் அது. கட்டுரைகளும் உண்டு, நான் படித்தும் இருந்தேன். என்னை உறுத்தியது மழை. அந்த ஊசிகள் ஸ்ட்ரான்சியத்தையும் ஆக்சிஜனையும் ஒரே விகிதத்தில் ஏற்றவில்லை. ஸ்ட்ரான்சியம் நிறைய, ஆக்சிஜன் கொஞ்சம். அந்த ஏற்றத்தாழ்வுக்குக் கடலோடும் வானத்தோடும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் என் கழித்தலுக்கு அது தெரியாதே. வெப்பத்தால் விளக்க முடியாத எதையும் அது உப்பு என்றே எழுதிவிடும். நான் செய்த கணக்கில் 'தெரியவில்லை' என்று ஒரு கட்டமே இல்லை. பிசகு எதுவாக இருந்தாலும், கருவியின் ஆட்டமாகட்டும், டிரில் தடம் மாறியதாகட்டும், ஊசியாகட்டும், எல்லாம் உருண்டு கடைசிக் கட்டத்தில் போய்ச் சேர்கின்றன. அந்தக் கட்டத்தின் தலைப்பு உப்பு.

அதன்பிறகு பல நாட்கள் வீட்டில் உட்கார்ந்து, ஊசி எதுவும் இல்லாத நல்ல பகுதிகளுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆக்சிஜன் அளவில் 0.06 பிசகு. ஸ்ட்ரான்சியம் அளவில் நூற்றில் 0.15 பிசகு என்றால் வெப்பநிலையில் கால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, அது ஆக்சிஜனில் 0.045. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், பிசகுகளைச் சேர்க்கும் முறை அதுதான், 0.075. உப்பில் அது ஏறத்தாழ 0.3 அலகு. அந்தக் கடலில் மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையே உப்பு மாறும் மொத்த அளவே அரை அலகுதான். அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒரு மாதத்து எண்ணை எடுத்துக்காட்டி இது மழை என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. பல மாதங்களைச் சராசரி எடுத்தால் பிசகு குறையும், உண்மைதான். ஆனால் டிகிரிக்கு 0.06 என்ற அந்தச் சரிவே தப்பாக இருந்தால் சராசரி உதவாது. முன்பு சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சரிவை 0.04 என்று வைத்தால் சூடு ஒன்றரை டிகிரி, மிச்சம் 0.2. 0.084 என்று வைத்தால் சூடு முக்கால் டிகிரிக்கும் குறைவு, மிச்சம் 0.36. பவளம் அதே பவளம், அளந்த எண்களும் அதே எண்கள். மழை மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது.

0.084 என்பது சும்மா எடுத்துக்கொண்ட எண் இல்லை. 1992-இல் வனுவாட்டுப் பவளங்களில் ஸ்ட்ரான்சியத்தை மிகத் துல்லியமாக அளந்து, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இன்றைவிட ஏறத்தாழ ஐந்து டிகிரி குளிர்ந்திருந்தது என்று அறிவித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்படோஸ் பவளங்களும் பனியுகத்துக்கு ஐந்து டிகிரி என்றன. கடலடிச் சேற்றிலிருந்து கணக்கிட்டவர்களோ வெப்பமண்டலம் அவ்வளவு குளிரவில்லை என்று உறுதியாக நின்றார்கள். சர்ச்சை பல ஆண்டுகள் நீண்டது. பனியுகத்தில் கடல்மட்டம் இறங்கியபோது வெளியே தெரிந்த பழைய பவளத் திட்டுகளிலிருந்து ஸ்ட்ரான்சியம் கரைந்து கடலில் சேர்ந்திருக்கலாம் என்றார்கள் சிலர். 2012-இல் கேகனும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு காரணத்தைக் காட்டினார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். போரைட்டஸ் தன் கூட்டை ஒரே நாளில் மேற்பரப்பில் மட்டும் கட்டி முடிப்பதில்லை. உயிர்த்திசு இருக்கும் ஆழம் முழுவதும் சில மாதங்களுக்குச் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் கோடையில் கட்டிய சுவரின்மேல் குளிர்காலப் பூச்சும் ஏறிவிடுகிறது. கோடைக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம் பவளத்துக்குள் மங்கிப்போகிறது. இந்த மங்கிய வித்தியாசத்தை உண்மையான பருவ வித்தியாசத்தோடு ஒப்பிட்டுத்தான் டிகிரிக்கு 0.06 என்று எடுத்திருக்கிறோம். மங்காமல் இருந்திருந்தால் 0.084 ஆகியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் பழைய 'ஐந்து டிகிரி' கணிசமாகச் சுருங்கி, மற்றவர்கள் சொன்ன எண்களை நோக்கி வருகிறது.

அந்த விவாதம் முழுக்க வெப்பநிலையைப் பற்றியே நடந்தது. சரிவு மாறினால் அதே கோர்களில் ஏற்கெனவே கழித்து எழுதிய உப்பும் மாறும் என்ற பேச்சு எனக்கு எட்டிய வரையில் மிகவும் மெல்லிய குரலிலேயே கேட்டது. வெப்பநிலை முதல் கட்டத்தில் இருக்கிறது, எல்லாருடைய கண்ணும் அங்கே. உப்பு கடைசிக் கட்டத்தில்.

அப்படியென்றால் பவளத்திலிருந்து உப்பு எடுக்கும் வேலையையே விட்டுவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். விடக் கூடாது என்பதுதான் என் கட்சி. தாராவா தீவை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குப் பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டிய பவளத்தீவு. அங்கே வெப்பநிலை ஆண்டு முழுதும் பெரிதாக மாறுவதில்லை. எல் நினோ வரும்போது மேற்கே இருக்கும் மழைமேகக் கூட்டம் கிழக்கே நகர்ந்து தாராவாவின்மேல் வந்து கொட்டுகிறது. 1993-இல் ஜூலியா கோலும் குழுவினரும் வெளியிட்ட அந்தத் தீவுப் பவளத்தின் ஆக்சிஜன் வரிசையில் ஒவ்வொரு பெரிய எல் நினோவும் ஒரு பள்ளமாக நிற்கிறது. அங்கே மழையின் குரல் அவ்வளவு உரக்க இருப்பதால் கழிக்க வேண்டியதே கொஞ்சம்தான். பிசகு எல்லாம் சேர்ந்தாலும் அந்தக் குரலை மூழ்கடிக்க முடியாது. கிரேட் பேரியர் ரீஃபின் கரையோரத்தில் பவளக் கூட்டிலுள்ள பேரியம் என்ற தனிமத்தை அளந்து ஆற்றுவெள்ளத்தைக் கண்டுபிடித்ததும் இப்படித்தான்: ஆறு கொண்டுவந்து தள்ளும் வண்டலோடு பேரியம் வருகிறது, அதைக் கழித்தல் இல்லாமல் நேராகப் படிக்கலாம். வேலைக்கு ஏற்ற இடத்தைத் தேடிப் போனவர்களுக்குப் பவளம் நிறையக் கொடுத்திருக்கிறது. என் கடல் அப்படிப்பட்ட இடமா என்று நான் டிரில்லைக் கையில் எடுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். அரை அலகு மாறும் கடலில், 0.3 அலகு பிசகுள்ள கணக்கோடு இறங்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே திட்டில் பக்கத்துப் பக்கத்தில் வளரும் இரண்டு பவளங்களின் ஸ்ட்ரான்சியம்கூட ஓரிரு டிகிரி வித்தியாசம் காட்டுவது வழக்கம். ஒவ்வொன்றும் தன் உடலுக்குள் கால்சியத்தை இழுக்கும் விதம் வேறு, வளரும் வேகம் வேறு. பவளம் கடலுக்குள் வைத்த கண்ணாடிக் குழாய் இல்லை, அது தன் பிழைப்பைப் பார்க்கும் ஓர் உயிர். அதன் குறிப்பேட்டை நாம் ஓரமாக நின்று படிக்கிறோம். ஒற்றைக் கோரை வைத்து உப்பைப் பற்றிப் பேசுவதை இனி நான் ஒத்துக்கொள்வதாக இல்லை. யார் கட்டுரையை அனுப்பி அபிப்பிராயம் கேட்டாலும் முதலில் மைக்ராஸ்கோப் படங்களைத்தான் தேடுகிறேன். அதுவும் வரைபடத்தில் எந்த இடம் மிகவும் கவர்ச்சியாக இருக்கிறதோ அந்த இடத்தின் படத்தை. இரண்டாவதாக, மிச்சத்தின் வரைபடத்தில் பிசகின் பட்டையைத் தேடுகிறேன். வெப்பநிலைக்குச் சாம்பல் நிறப் பட்டை போட்டுவிட்டு உப்புக்கு வெறும் கோடு மட்டும் போட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

என் வரைபடத்தில் அந்த மூன்று ஆண்டுகளை அழித்துவிட்டேன். இரு பக்கத்துக் கோடுகளையும் இணைக்கும்படி ஒருவர் சொன்னார், பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று. இணைக்கவில்லை. 38 மில்லிமீட்டர் அப்படியே வெள்ளையாக இருக்கிறது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இங்க மேலோட்டமா ஊசி இல்லாத துளை நாலஞ்சு இருக்கு, லேசர் வச்சுச் சுவரை மட்டும் தொட்டு எடுத்துப் பாக்கலாமே" என்று சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் அதே திட்டில் நாற்பது மீட்டர் தள்ளி எடுத்த இரண்டாவது கோர் வந்து சேர்ந்தது. சென்ற வாரம் அதை அறுத்து எக்ஸ்ரே எடுத்தோம். அடிப்பகுதிப் பட்டைகள் தெளிவாக இருக்கின்றன. இந்தமுறை டிரில் தொடும் முன்பே பத்து பத்து ஆண்டுக்கு ஒரு துணுக்கு வீதம் மைக்ராஸ்கோப்புக்குக் கொடுத்திருக்கிறேன். 1900 வரை சுவர்கள் வழவழப்பாக வந்திருக்கின்றன. 1890-இன் துணுக்கையும் 1880-இன் துணுக்கையும் நாளைக்குப் பார்க்கிறோம்.